அண்ணன் பெயரில் ஒரு வழக்கு

அந்தச் சுற்றறிக்கையை எங்கள் பள்ளியில் முதலில் படித்தவன் நான்தான். படித்தபோது எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கன்னடத்தில் இரண்டு பக்கம். தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கும் டிரைவர், ஆயா, வாட்ச்மேன், ஆபீஸ் ஊழியர் எல்லாரும் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் யாரும் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேலையில் இருக்கக் கூடாது. மீறினால் பள்ளியின் அங்கீகாரத்திலேயே கை வைப்பார்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் நீங்களே ஆன்லைனில் போட்டுவிடுங்கள் என்றார். நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என் மகளும் அங்கேதான் ஆறாவது படிக்கிறாள். எவனென்றே தெரியாதவன் ஓட்டும் பஸ்ஸில் பிள்ளையை ஏற்றிவிட்டு எந்தத் தகப்பன் நிம்மதியாக இருப்பான்?

பள்ளி, தங்கவயலிலிருந்து பங்காருப்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது. நான் அங்கே பதினாலு வருஷமாக கிளார்க். எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். ஊரிலேயே சம்பளம் வாங்குகிற அதிர்ஷ்டம் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வாய்த்தது. ஒருவன் நான். இன்னொருவர் என் அண்ணன். பள்ளி பஸ் ஓட்ட நான்தான் அவரைச் சேர்த்துவிட்டேன். காலையில் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். வாசலில் பிள்ளை இல்லையென்றால் ஹாரன் அடிக்கமாட்டார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவார். என் மகளுக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள முதல் இடம். அந்த இடத்துக்காக அவள் மற்ற பிள்ளைகளோடு போடும் சண்டை எல்.கே.ஜி.யிலிருந்து நடக்கிறது.

இதில் யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பெயரை எழுதித்தான் இத்தனை வினையும் வந்தது.

எல்லாருடைய ஆதாரையும் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் ஏதாவது வழக்கில் கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா? என்னுடைய விண்ணப்பத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, உள்ளங்கை வேர்த்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து 'இல்லை' என்று அழுத்தினேன். அடுத்தது அண்ணனுடையது. அதே கேள்வி. யோசிக்கவே இல்லை. டக்கென்று 'இல்லை' போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். என் அண்ணன் ஒரு தப்பும் பண்ணாதவர் என்பது எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

தப்பு பண்ணியவன் நான். ஆனால் காகிதத்தில் அது அண்ணன் பெயரில் இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுத்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்டுக்குள், சுரங்கக் குழிக்குள், இறங்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பியோ மச்சானோ அந்த டோக்கனை வாங்கிக்கொண்டு இறங்குவான். அந்த ஷிஃப்ட் முழுக்க அவனை டோக்கன்காரன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவே எங்கள் மாமா பெயரில் எத்தனையோ நாள் இறங்கியிருக்கிறார். "டோக்கன் எறங்குச்சா, ஏறுச்சா? அவ்ளோதான், யார் போனா இன்னா" என்பார். பெயர் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான். இரவல் கொடுக்கலாம், வாங்கலாம், ஷிஃப்ட் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சுரங்கம் மூடி இரண்டு வருஷம் இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது, பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சுரங்கத்தில் அப்பாவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்கூட ஆகுமுன் அதை மூடிவிட, வீட்டில் இருந்தார். தங்கக் கல் அரைத்த மில் மூடிக்கிடந்தது, அதில் இரும்பு கிடந்தது. பகலிலேயே போய் அறுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் அப்பன் பாட்டன் இறங்கிய இடம், இதை எடுத்தால் திருட்டா என்று ஒரு பேச்சு. நானும் அப்படித்தான் பேசினேன். ஒரு மத்தியானம் நண்பர்கள் இரண்டு பேரோடு போனேன். அவர்கள் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். நான் சாக்கோடு மாட்டிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் எழுத்தர் பேனாவை எடுத்து, பெயர் என்ன என்றார். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. என் வாய் தானாகவே அண்ணன் பெயரைச் சொன்னது. வயதும் அவருடையதையே சொன்னேன். டிகிரி முடித்து வேலைக்குப் போக வேண்டியவன் நான், அண்ணனுக்கு இனி என்ன வேலை கிடைக்கப்போகிறது என்று ஒரு கணக்கு அந்தப் பயத்திலும் எனக்குள் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தார். ஏட்டு அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "நீ யாருப்பா?" என்று ஏட்டு அவரைக் கேட்டபோது, "தம்பி சார்" என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். ஜாமீன் தாளில் என் பெயரில் கையெழுத்தும் போட்டார். நான் போடுகிற மாதிரியே கடைசி எழுத்தைக் கீழே இழுத்துப் போட்டார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது கோர்ட்டில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் கை தூக்கினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டேன். அபராதம் போட்டு, கோர்ட் கலையும்வரை உட்காரச் சொன்னார்கள். அண்ணன் வெளியே மரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டு காத்திருந்தார். வரும்போது தோளில் தட்டி, "ஷிஃப்ட் முடிஞ்சுது, வா" என்றார். இருவரும் சிரித்தோம். அத்தோடு மறந்தோம். நிஜமாகவே மறந்துபோனோம்.

விண்ணப்பம் போட்ட மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் வந்தார். நான் மட்டும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சர்ச் முடிந்து லைன் முழுக்க ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். மஃப்டியில் இருந்தாலும் பைக்கைப் பார்த்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு சாத்திய மாதிரி இருந்தது, முழுதாகச் சாத்தவில்லை. வந்தவர் எங்கள் ஊர்ப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணா, பள்ளிக்கூட பஸ் ஓட்றது நீங்கதானே? உங்க பேருல ஒரு பழைய கேஸ் கீதே, தெரியுமா?"

அண்ணி சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடுவாரோ என்று நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆமா சார். ரொம்பப் பழசு."

"பழசுன்னா இன்னாங்க, தண்டனை ஆயிக்கீது. நீங்க ஃபாரத்துல இல்லேன்னு போட்டிருக்கீங்க. மறைச்சா மாதிரி ஆயிடுமே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"தம்பி."

"உங்க பேப்பரும் என்கிட்டதான் கீது. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, க்ளீன். ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டேன். அவர் போன பிறகு அண்ணி கேட்டாள், "இன்னா கேசு? எனக்குத் தெரியாம இன்னா கேசு?" அண்ணன், கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ இரும்பு எடுத்தது என்றார். அவள் அவரையே பார்த்தாள். இருபது வருஷம் இந்த ஆளோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். "நீயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் போட்ட சோற்றை முழுதாகத் தின்றேன். தின்னாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பாளே.

அறிக்கை பள்ளிக்கு வந்தது. என் கையில்தான் வந்தது, நான்தான் உறையைப் பிரித்தேன். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அதை மேசை இழுப்பறையில் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பிரின்சிபாலே கேட்டார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் அண்ணன் என்பதால் பத்து நாள் தருகிறேன், வக்கீலைப் பாருங்கள், ஆள் மாறாட்டமாகவோ பெயர்க் குழப்பமாகவோ இருந்தால் எழுதி வாங்கி வாருங்கள் என்றார். அதுவரை அண்ணன் பஸ்ஸைத் தொடக் கூடாது. மறுநாள் காலை வேறு டிரைவர் ஊரிகத்தில் வந்து விடாமல் ஹாரன் அடித்தார். லைனில் எல்லார் வாயிலும் அண்ணன்தான்.

கோலாரில் ஒரு பெண் வக்கீல் பழைய கேஸெல்லாம் பார்ப்பார் என்று சொன்னார்கள். அவரிடம் போனோம். கோர்ட்டில் அந்தக் காலத்துச் சின்னக் கேஸ் கட்டுகளை அழித்திருப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை, வேண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கூப்பிட்டனுப்பினார். கோர்ட் கட்டு இல்லை. ஆனால் போலீஸ் பக்கத்துக் காகிதம் இருந்தது. அதன் நகலை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு வக்கீல் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, எங்களோடு பேசியது தமிழ்.

"அங்க அடையாளம்னு எழுதியிருக்காங்க. இடது புருவத்து மேல வெட்டுத் தழும்பு." அண்ணனைப் பார்த்தார். "கொஞ்சம் நிமிருங்க."

அண்ணன் நிமிர்ந்தார். அவர் நெற்றி வழுவழுவென்று இருந்தது. வக்கீல் காகிதத்தை ஒருதரம் பார்த்தார், அண்ணனை ஒருதரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஆறு வயதில் லைன் குழாயடியில் வழுக்கி சிமெண்டுத் தொட்டியில் அடிபட்டது எனக்கு. நாலு தையல். கையை எடுத்து நெற்றியை மறைக்க வேண்டும் போல் இருந்தது. மறைத்தால் அதைவிடக் கேவலம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் காகிதத்துல இருக்கறது இவர் இல்ல," என்றார் வக்கீல். "இத வெச்சே இவரை வெளிய கொண்டு வந்துடலாம். ஆனா உண்மையில ஸ்டேஷனுக்கு வந்தது யாருன்னு கேப்பாங்க. போலீஸ்ல, கோர்ட்ல வேற பேர் சொன்னது பெரிய தப்பு. ஜாமீன்ல பேர் மாத்திக் கையெழுத்துப் போட்டவருக்கும் பிரச்சினை வரும். நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் சொல்லிவிடுகிறேன் அண்ணா என்று ஆரம்பித்தேன். மனசார ஆரம்பித்ததா என்று கேட்டால் தெரியாது. ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

"இன்னான்னு சொல்வே? ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வெக்கச் சொல்வியா?" என்றார் அண்ணன். "உன் வேல போவும். என் வேல எப்படியும் போச்சு. நம்ம ரெண்டு வூட்லயும் யாரு சோறு போடுவா?"

"அதுக்காக, நீ பண்ணாததுக்கு..."

"விடு. உன் மகளுக்கு இன்னான்னு சொல்வே?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி பிடித்துக்கொண்டேன். அவரையும் சேர்த்து மாட்டிவைக்கக் கூடாது, பிள்ளை முகம் வாடக் கூடாது, இரண்டு வீடும் பட்டினி கிடக்கக் கூடாது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வேண்டாம் என்றதும் என் உடம்பெல்லாம் லேசானதே, அதற்குப் பெயர் என்ன? அதை நினைக்கும்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு தடவை மறுத்தார். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்று சொல்லியிருப்பார். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. வக்கீலிடம் திரும்பிப் போகாமலே இருவரும் பஸ் ஏறினோம்.

பத்தாம் நாள் பிரின்சிபால் அறையில் அண்ணனை நிற்கவைத்துக் கேட்டார்கள். எதிரே நோட்டும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். அது என் வேலை.

"இதைச் செய்தது நீங்கள்தானா?"

"நான்தான் சார். அப்ப புத்தி இல்ல."

பிரின்சிபால் பெருமூச்சு விட்டார். உங்கள் தம்பி எவ்வளவு ஒழுங்கான மனுஷன், அவரைப் பார்த்தாவது இருந்திருக்கக் கூடாதா என்றார். அண்ணன் ஆமாம் சார் என்றார். நான் நோட்டில் தேதி எழுதினேன். வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை நான் தட்டினேன், அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது பஸ் சாவியை என் மேசையில் வைத்தார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் டைட்டா கீது, புது ஆளுகிட்ட சொல்லு" என்றார்.

அன்று பிற்பகல் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போடச் சொன்னார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, குற்றப் பின்னணி உள்ள ஓட்டுநர் ஒருவர் நீக்கப்பட்டார். அதையும் நான்தான் எழுதினேன். 'குற்றப் பின்னணி' என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு ஏதாவது போடலாமா என்று கேட்டேன். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கும்பிடும் கைகளும் கட்டை விரல்களுமாக வந்து விழுந்தன. அண்ணன் கதவு தட்டி எழுப்பிக் கூட்டிவந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் வந்தன. ஒருவர், இத்தனை நாள் நம் பிள்ளைகளை யார் கையில் விட்டிருந்தோம் என்று எழுதினார்.

இதற்கப்புறம் அண்ணன் பெங்களூரில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலைக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் அந்தச் சான்றிதழ் கேட்டார்கள். கம்பெனி கேப் ஓட்டலாம் என்றார்கள்; அங்கேயும் அதே. இப்போது ரயிலில் போய்க் கட்டட வேலையில் செங்கல் தூக்குகிறார், அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. நாளைக்கு அங்கேயும் கேட்பார்கள். அதற்கும் ஒரு சுற்றறிக்கை எங்கேயாவது தயாராகிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் செய்தி போன நாள் சாயங்காலத்தை. வீட்டுக்குப் போனபோது என் மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் பிள்ளைகள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா, பெரியப்பா இன்னா பண்ணாரு?"

நான் செருப்பைக் கழற்றினேன். மூச்சு விடுகிற நேரம் இருந்தது எனக்கு. வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை, பிரின்சிபால் இல்லை. சொன்னால் யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. கேட்டது என் பிள்ளை.

"சின்ன வயசுல மில்லுல இரும்பு திருடிட்டாரும்மா," என்றேன்.

அவள் போனைக் கட்டிலில் வைத்தாள். பிறகு, "அப்ப நீ எங்கப்பா இருந்தே?" என்று கேட்டாள்.

வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.